மூன்று வயதைத் தாண்டிய ஹீட்டர்

ஹாய்வெய் தீவில் மனிதர்கள் சராசரியாக எண்பத்தோரு வயது வரை வாழ்கிறார்கள். வாட்டர் ஹீட்டர்கள் மூன்று வயது வரை வாழ்கின்றன. முதல் விஷயத்தில் எங்கள் ஊராட்சி அலுவலகம் எந்த நடவடிக்கையும் எடுத்ததில்லை. இரண்டாவதை அது சும்மா விடுவதாக இல்லை.

ஹீட்டர்கள் அற்பாயுசில் போவதற்குக் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் பிறந்தால் தைவான் நீரிணையில் வடகிழக்குக் காற்று கிளம்பும். மார்ச் வரை ஓயாது. அலையின் நுனியைக் கிள்ளிப் பொடியாக்கி ஊர்மேல் தூவிக்கொண்டே இருக்கும். அதற்கு உப்புப்புகை என்று பேர். கீரைப் பாத்தியைச் சுற்றிப் பவளக்கல் சுவர் எழுப்பாவிட்டால் கீரை கருகிவிடும். ஸ்கூட்டரை இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் பூட்டு சாவியை ஏற்றுக்கொள்ளாது. ஹீட்டரோ எங்கள் வீடுகளில் கொல்லைச் சுவரில், கடலைப் பார்த்தபடி தொங்குகிறது. வெளியே காற்று தின்னும், உள்ளே குழாய்த் தண்ணீரின் உப்பு தின்னும். மூன்றாம் வருஷம் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு கொல்லையெல்லாம் காவித் தண்ணீர் ஓடும். நாங்கள் புதிது வாங்கி மாட்டுவோம். அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாக ஞாபகமில்லை.

இந்த நிலையில்தான் அலுவலகத்தின் பொதுநலப் பிரிவுக்குத் தலைவராகக் கூ என்பவர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பது. பெருந்தீவான தைவானில் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். எதையும் முறைப்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வந்த முதல் வாரம் அலுவலகத்து நாற்காலிகளுக்கெல்லாம் எண் போட்டார். இரண்டாம் வாரம் எண் போட நாற்காலி மிச்சமில்லாததால் அவர் பார்வை ஊர்மேல் விழுந்தது.

'இல்லச் சுடுநீர்க் கருவிகளின் துருவேறல் நிலை குறித்த முழுமைக் கணக்கெடுப்பு' என்று ஓர் ஆணை பிறந்தது. வீடு வீடாகப் போய் ஹீட்டரின் வயதைக் கேட்டு எழுத வேண்டியவள் யாலிங். அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் ஊர்ப் பெண்தான். படிவத்தில் வயதுக்கென்று ஐந்து கட்டங்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. நானூற்றுப் பதினொரு ஹீட்டர்கள் அந்தக் கட்டங்களுக்குள் சமர்த்தாக அடங்கின. ஒன்று மட்டும் அடங்கவில்லை.

அது என் பக்கத்து வீட்டு ஹீட்டர். யென் சிங்ஷுய் அண்ணன் படகுத்துறைப் பயணிகள் கப்பலில் எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எஞ்சின் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று இளமையிலேயே பழகிவிட்டது. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பாவ்ஜூ அக்கா பேசுவாள். நான் அவர்கள் வீட்டையொட்டி வேர்க்கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன்.

யாலிங் கேட்டதற்கு அண்ணன் தம் ஹீட்டருக்குப் பதினாலு வயது என்றார். அவள் படிவத்தைப் பார்த்தாள். பதினாலுக்குக் கட்டமில்லை என்றாள். அண்ணன் யோசித்துவிட்டு, ஐந்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பொய்த் தகவல் எழுதினால் எழுதுகிறவர்மேல் நடவடிக்கை என்று படிவத்தின் அடியிலேயே போட்டிருந்தது. யாலிங் கட்டத்துக்கு வெளியே, ஓரத்து வெள்ளையில், சின்னதாக 14 என்று எழுதிக்கொண்டு போனாள். அந்த ஓரத்து வெள்ளைதான் எல்லாவற்றுக்கும் காரணமாகிவிட்டது.

கட்டத்துக்கு வெளியே ஓர் எண் கிடப்பதைக் கூவால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த நாளே யாலிங்கையும் ஒரு புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு நேராய்வுக்கு வந்துவிட்டார். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைச் சுவரருகே போய் நின்றேன்.

ஹீட்டர் வெள்ளை வெளேரென்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கூ அதை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். நான்காவது பக்கம் சுவர். பிறகு என்ன செய்கிறீர்கள் இதற்கு என்று கேட்டார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை மெயின அணைச்சிட்டு, நல்ல தண்ணியில துணிய நனைச்சுத் துடைப்பேன். ஈரம் போக இன்னொருதரம். திருகாணி மேல கொஞ்சம் கிரீஸ் தடவுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடப் போவேன்."

"அது இல்ல. இதுல உள்ள தொழில்நுட்பம் என்னன்னு கேக்கறேன்."

"துணிதாங்க."

"என்ன மாதிரித் துணி?"

"பழைய பனியன்."

யாலிங் 'பழைய பனியன்' என்று எழுதினாள். கூ எட்டிப் பார்த்து அதை அடித்துவிட்டு 'மறுபயன்பாட்டு நெசவுப்பொருள்' என்று எழுதச் சொன்னார்.

பிறகுதான் அண்ணன் கம்பியைப் பற்றிச் சொன்னார். தொட்டிக்குள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு எதையாவது தின்றாக வேண்டும், அந்தக் கம்பி இருந்தால் தொட்டியை விட்டுவிட்டு அதைத் தின்னும். கப்பலின் அடியிலும் இப்படித்தான் துத்தநாகக் கட்டி பதித்திருப்பார்கள். தியாகக் கம்பி என்று சொல்வது வழக்கம். வருஷம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து கம்பியை மாற்றிவிட்டால் போதும். இவ்வளவும் சொல்லிவிட்டு, போன வருஷம் கழற்றிய கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். எலி கடித்த கரும்பு மாதிரி இருந்தது.

கூ அதை இரண்டு கையாலும் வாங்கினார். தியாகம் என்ற சொல் அவரை அசைத்துவிட்டது. அரசு அலுவலகங்களில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார், அந்தச் சொல்லை அங்கே யாரும் ஒரு கம்பிக்குக்கூடப் பயன்படுத்திக் கேட்டதில்லை.

இருபது நாளில் அறிக்கை வந்தது. பனியனும் கிரீஸும் 'காலமுறை நன்னீர் மேற்பரப்பு மேலாண்மை'யாக மாறியிருந்தன. யென் சிங்ஷுய் என்ற பெயர் 'மேற்படி கருவியின் அருகாமையில் வசிப்பவர்' என்று குறிக்கப்பட்டிருந்தது. முடிவில் அந்த ஹீட்டர் 'ஹாய்வெய் ஊராட்சியின் துருவற்ற மாதிரிச் சுடுநீர்க் கருவி' என்று அறிவிக்கப்பட்டது. ஊருக்கே பெருமையாக இருந்தது. மிட்டாய் ஒரு தட்டு இலவசமாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விழா நடந்தது. ஊராட்சித் தலைவர் கொல்லையில் மேடை போட்டுப் பேசினார். எலி கடித்த கம்பியைச் சிவப்பு வெல்வெட்டில் வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள். தலைவர் அதைத் தொட்டுக்காட்டி, தானும் இந்த ஊருக்கு ஒரு தியாகக் கம்பிதான் என்று தழுதழுத்தார். என் பக்கத்தில் நின்ற பாவ்ஜூ அக்கா, "அப்போ வருஷா வருஷம் மாத்தணும்" என்றாள். நல்லவேளையாகக் கைதட்டல் பலமாக இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் ஒருவர் துளையிடும் மின்கருவியோடு வந்தார். பித்தளைப் பலகை ஒன்றை ஹீட்டரின் நெற்றியில் பதிக்க வேண்டும், நான்கு திருகாணி. சிங்ஷுய் அண்ணன் அன்றைக்கு முதல்தடவையாக அவராக வாயைத் திறந்தார். ஓட்டை போட்டால் பெயிண்ட் விட்டுப்போகும், உப்புப்புகை உள்ளே இறங்கும், பித்தளையும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்புக்குத்தான் கேடு என்று சொன்னார். திருகாணி துருப்பிடிக்காத எஃகு என்று கூ சமாதானம் சொன்னார். துருப்பிடிக்கப் போவது திருகாணியில்லை, ஹீட்டர் என்று அண்ணன் சொன்னது மின்கருவியின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறு சனிக்கிழமை அண்ணன் துணியும் கையுமாகக் கொல்லைக்குப் போனபோது ஹீட்டரின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டிச் சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. யாலிங் அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். விதிமுறைகளை வாசித்துக்காட்ட அனுப்பியிருந்தார்கள். மாதிரி என்பது கண்டறியப்பட்ட நிலையிலேயே பேணப்பட வேண்டும். எனவே துடைத்தல், தடவுதல், பாகங்களை மாற்றுதல், தேய்மானம் உண்டாகும்படி சுடுநீருக்குப் பயன்படுத்துதல் ஆகியவை தடைசெய்யப்படுகின்றன. இதை வாசித்து முடிக்கும் வரை அவள் நிமிரவேயில்லை.

அண்ணன் நேராக அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கூவின் மேசைமேல் கணினி சண்டித்தனம் செய்யாமலிருக்க, எங்கள் பக்கத்து நம்பிக்கைப்படி, அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளத் தின்பண்டம் வைத்திருந்தார்கள். கூ எழுந்து நின்று வரவேற்று டீ கொடுத்தார்.

"துடைக்காம விட்டா துருப்பிடிச்சிடுங்க" என்றார் அண்ணன்.

"அண்ணே, துருப்பிடிக்காத ஹீட்டர்ங்கிறதுனாலதான் அதை மாதிரியா எடுத்திருக்கோம். துருப்பிடிக்காத ஹீட்டருக்கு எதுக்குத் துடைப்பு?"

"துடைச்சதாலதான் துருப்பிடிக்கல."

"இருக்கலாம். ஆனா அறிவிப்பு வந்தப்புறம் அது துருப்பிடிக்காத ஹீட்டர். கெஜட்லயே வந்தாச்சு."

அண்ணன் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இங்கே பாவ்ஜூ அக்காவின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்பிச் சதையைப் பிரித்தெடுக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவள். குளிர்காலம் வந்தால் விரல் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு மடங்கிக்கொள்ளும். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாளியில் வெந்நீர் பிடித்து அரைமணி கையை விட்டுக்கொண்டிருந்தால்தான் இரவுச் சாப்பாட்டுக்குச் சாப்ஸ்டிக்கைப் பிடிக்க முடியும். அந்த ஹீட்டர் பதினாலு வருஷம் நின்றதற்குக் காரணம் உண்மையில் அதுதான். அண்ணன் ஹீட்டரைத் துடைத்ததெல்லாம் அக்காவின் விரல்களுக்காக. அதை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அண்ணன் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார். வாளி நிறைவதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும். பூசணி போட்ட அரிசி நூடுல்ஸை அக்கா கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதை நான் ஒருநாள் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பிறகு அக்காவே மனு கொடுத்தாள். தன் வீட்டு ஹீட்டரில் தான் வெந்நீர் பிடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். அலுவலகம் அதை மிகுந்த அனுதாபத்தோடு பரிசீலித்தது. மாதிரிக் கருவியைச் சொந்த உபயோகத்துக்குத் தர விதியில்லை, செயல்விளக்கத்துக்குத் தரலாம் என்று பதில் வந்தது. மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை, வெளியூர்க் குழுக்கள் பார்வையிட வரும்போது, முத்திரையைப் பிரித்து ஹீட்டரைப் போடுவார்கள். மனுதாரர் அப்போது 'பயனாளி'யாகக் கலந்துகொண்டு தம் கைகளை நனைத்துக்கொள்ளலாம். செயல்விளக்கம் முடிந்ததும் கைகளை எடுத்துவிட வேண்டும்.

அக்கா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நினைத்தேன். வலி அதிகம் போலிருக்கிறது, ஒத்துக்கொண்டாள். நவம்பர் மாத இரண்டாம் புதன், இருபது பேர் வரிசையாக நின்று பார்க்க, வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புகைப்படம் எடுத்தார்கள். ஒருவர் குனிந்து, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்.

"வெந்நி சூடா இருக்கு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கூ மறுபடி முத்திரை ஒட்டியபோது அக்கா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் புதன் வரைக்கும் இந்தக் கைய நான் என்ன பண்றது, அதுக்கு ஒரு படிவம் இருந்தா குடுத்துட்டுப் போங்க" என்றாள். கூ யாலிங்கைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு படிவம் இல்லை என்று யாலிங் சொன்னாள். உருவாக்கலாம் என்று கூ சொன்னார்.

இதெல்லாம் பக்கத்தில் நடந்துகொண்டிருக்க, ஊர் என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊர் தியாகக் கம்பிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. எல்லோரும் ஆளுக்கொரு கம்பி வாங்கினார்கள். ஹீட்டருக்குள் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சிவப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டார்கள். சிலர் கடல் தெய்வமான மாட்சுவின் கோயிலில் வைத்து எடுத்து வந்தார்கள். இளம்பெண்கள் காதில் போட்டுக்கொள்கிற அளவில் சின்னக் கம்பிகள் வந்தன. ஹீட்டருக்குப் பித்தளைப் பலகை அடிப்பது அடுத்த மோகம். மாதிரி என்ற சொல்லை அலுவலகம் அனுமதிக்காததால் 'மாதிரியைப் போன்றது' என்று பொறித்துக்கொண்டார்கள். திருகாணி நான்கு வேண்டாம், கெட்டியாக இருக்கட்டும் என்று என் எதிர்வீட்டுக்காரர் ஆறு போட்டார்.

நான் எலி கடித்த கம்பி வடிவத்தில் வேர்க்கடலை மிட்டாய் செய்தேன். 'தியாக மிட்டாய்' என்று பேர் வைத்தேன். படகில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப்போனார்கள். என் ஹீட்டருக்கும் பலகை உண்டு. அதைத் துடைத்தேனா என்றால், மிட்டாய் ஆர்டர் நிறைய இருந்தது.

டிசம்பரில் அண்ணன் வீட்டு ஹீட்டரின் பித்தளைப் பலகைக்குக் கீழே நான்கு பழுப்புக் கோடுகள் இறங்கின. அழுத கண்ணுக்குக் கீழே மை ஒழுகினாற்போல் இருந்தது. அண்ணன் கடிதம் எழுதினார். துரு தென்படுகிறது, துடைக்க அனுமதி வேண்டும். தங்கள் கடிதம் பெறப்பட்டது, துருவற்ற மாதிரிக் கருவியில் துரு தென்பட வாய்ப்பில்லை, எனினும் கண்காணிக்கப்படும் என்று பதில். ஜனவரியில் இன்னொரு கடிதம். கோடுகள் அடிவரை வந்துவிட்டன, உள்ளே கம்பியும் தீர்ந்திருக்கும். அதற்குப் பதில், கண்காணிப்பு தொடர்கிறது. கண்காணிப்பது யாலிங்கின் வேலை. தினம் காலையில் வந்து ஹீட்டருக்கு முன்னால் நிற்பாள். கோடுகளை அளந்து எழுதுவாள். ஒருநாள் அவள் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து ஒரு கோட்டைத் துடைக்கப் போனதை நான் பார்த்தேன். பாதியில் என்னைக் கவனித்துவிட்டுத் துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

பிப்ரவரி, விளக்குத் திருவிழாவுக்கு முந்தின புதன், மேலிடத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. ஐந்து பேர், எல்லோரும் கறுப்புக் காலணி. பழுப்புக் கோடுகளின் மேல் கூ ஒரு பூமாலையைச் சாற்றியிருந்தார். முத்திரை பிரிக்கப்பட்டது. ஹீட்டர் போடப்பட்டது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து வாளியை இழுத்துக்கொண்டாள். கூ குழுவிடம் 'காலமுறை நன்னீர் மேற்பரப்பு மேலாண்மை' பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

தொட்டி முதலில் முனகியது. எஞ்சின் அறைக்காரருக்கு அந்தச் சத்தம் எப்படிப் புரிந்ததோ, அண்ணன் ஓடி மெயினை அணைத்து அக்காவை முக்காலியோடு இழுத்துவிட்டார். அதற்குள் அடிப்பக்கம் பிளந்து, இன்னும் சரியாகக் காயாத அறுபது லிட்டர் காவித் தண்ணீர் ஐந்து ஜோடிக் கறுப்புக் காலணிகள் மேல் கொட்டியது. பூமாலை மிதந்து போய்க் கொல்லை வாசற்படியில் தட்டி நின்றது.

அண்ணன் காலித் தொட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, "ஒரு துணி போதுமே, பாவ்ஜூ. ஒரே ஒரு துணி" என்றார். அக்கா கையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தாள். அவர் அழுததை நான் முன்னே பார்த்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூவுக்குத் தண்டனை கிடைக்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. ஆனால் அவருடைய இறுதி அறிக்கை மேலிடத்தில் மிகவும் பாராட்டப்பட்டது. மேற்படி கருவி, இத்தீவின் ஏனைய நானூற்றுப் பதினொரு கருவிகளுக்காகத் தன்னையே தியாகம் செய்துகொண்டது என்று அதில் எழுதியிருந்தார். கணக்கெடுப்பின்போது ஹீட்டர்களின் வயதில் காணப்பட்ட ஒரே முரண்பாடு முற்றிலுமாகக் களையப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார். இரண்டும் சேர்ந்து அவரை ஊராட்சியின் துணைத் தலைவராக்கின. படிவத்தில் இனி யாரும் ஓரத்து வெள்ளையில் எழுத வேண்டியிருக்காது.

அதே மாதத்தில் பலகை அடித்த வீடுகளில் ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகப் பொத்துக்கொண்டன. எதிர்வீட்டுக்காரருடையது எல்லாவற்றுக்கும் முதலில் போயிற்று. என்னுடையது ஒரு மிட்டாய் ஆர்டரின் நடுவில் போயிற்று. புது ஹீட்டர் மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம், வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சிங்ஷுய் அண்ணனும் புதிது மாட்டியிருந்தார். அக்கா வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கும் சொல்லித்தர வேண்டும் என்றேன். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாய் என்று அக்கா கேட்டாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, கம்பி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது, எவ்வளவு கிரீஸ் என்று செய்துகாட்டினார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாத தம்பி."

நான் எதிர்வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அவருடைய மைத்துனரிடம் மட்டும் சொன்னார். இரண்டு வருஷத்துக்குள் தீவில் அநேகமாக எல்லோரும் யாரிடமும் சொல்லாமல் ஹீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மதியம், அலுவலகம் மூடியிருக்கிற நேரத்தில், தெரு முழுக்க மெயின் சுவிட்சுகள் டக் டக்கென்று அணைகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு மணி நேரம் யாரும் யார் கண்ணிலும் படமாட்டோம். யாலிங்கும் தன் அம்மா வீட்டில் துடைத்தாள். மூன்றாம் வருஷம் ஒரு ஹீட்டரும் சாகவில்லை. நான்காம் வருஷமும் சாகவில்லை. பாவ்ஜூ அக்கா அந்தக் குளிர்காலங்களில் சாப்ஸ்டிக்கால் ஒற்றை வேர்க்கடலையைப் பிடித்து எனக்குக் காட்டுவாள்.

ஐந்தாம் வருஷம் மறுபடி கணக்கெடுப்பு வந்தது. அதே படிவம், அதே யாலிங். சிங்ஷுய் அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். ஹீட்டருக்கு என்ன வயது என்று கேட்டாள்.

"மூணு" என்றார் அண்ணன்.

யாலிங் அவரைப் பார்த்தாள். அந்த ஹீட்டர் என்றைக்கு மாட்டியது என்று அவளைவிட யாருக்குத் தெரியும். மூன்றாம் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். என்னிடம் கேட்டபோது நானும் மூன்று என்றேன். தீவே மூன்று என்றது. வாரக்கணக்கில் நின்று பேசி முடிவெடுத்த மாதிரி அவ்வளவு ஒற்றுமை. மூன்றைத் தாண்டினால் பலகையும் முத்திரையும் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அலுவலகத்தை ஏமாற்றிவிட்டோம் என்று அந்த வாரம் எல்லோருக்கும் ஒரே குஷி. எதிர்வீட்டுக்காரர் கணவாய் மீன் வறுத்துத் தெருவுக்கே கொடுத்தார்.

நாங்கள் சொன்ன எதையும் அலுவலகம் அதற்கு முன் நம்பியதில்லை. இதை நம்பிவிட்டது.

மார்ச் மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. கடலோரத் துருவேறலினால் இத்தீவின் ஹீட்டர்களுடைய ஆயுள் மூன்று ஆண்டுகள் என்பது இருமுறை கணக்கெடுப்பில் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. குடியிருப்போர் தம் கையெழுத்துடன் அளித்த வாக்குமூலத்தின்படி எல்லாக் கருவிகளும் ஆயுள் நிறைவடைந்த நிலையில் உள்ளன. பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி அவை அகற்றப்படும். புதியவை வாங்கி மாட்டுவது அவரவர் பொறுப்பு.

லாரி படகில் வந்து இறங்கியது. எங்கள் தெருவுக்கு வந்தபோது துணைத் தலைவர் கூவே முன்னால் நடந்து வந்தார். எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மனிதர் உண்மையிலேயே எங்கள் நன்மையைத்தான் விரும்பினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"யார் வீட்டு ஹீட்டராவது மூணு வருஷத்துக்கு மேல நல்லா உழைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. எடுக்க மாட்டோம். மாதிரியா அறிவிச்சுப் பத்திரமா வச்சுக்குவோம்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. பாவ்ஜூ அக்கா கைகளை மார்போடு சுருட்டி வைத்துக்கொண்டாள். சிங்ஷுய் அண்ணன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவர்கள் கழற்றினால் சுவரை உடைத்துவிடுவார்கள் என்று தாமே தொட்டியைக் காலிசெய்து, குழாய்களைப் பிரித்து, தூக்கிவந்து லாரி அருகே வைத்தார். நாங்களும் அவரவர் ஹீட்டரை அதே மாதிரி கழற்றிக் கொண்டுவந்தோம். இறக்கி வைக்கும்போது விரல் ரேகை படிந்த இடத்தைச் சிலர் பழக்கதோஷத்தில் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்கள்.

தெருவின் நீளத்துக்கு ஹீட்டர்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. லாரி ஓட்டுநர் பெருந்தீவுக்காரர். கீழே இறங்கி வந்து ஒன்றை உருட்டிப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றையும் தட்டிப் பார்த்தார்.

"ஏங்க, எல்லாம் புதுசா இருக்கே. இதையா தூக்கிப் போடறீங்க?"

கூ அவர் தோளில் கை போட்டார். "நீங்க வெளியூர். எங்க ஊர் உப்பைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, சரிதானே என்கிற மாதிரி எங்கள் பக்கம் திரும்பினார்.

சிங்ஷுய் அண்ணன் தலையாட்டினார். யாலிங் ஆட்டினாள். தெருவே ஆட்டியது. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.